ஷோக்ரன் நோயில் வாய் வறட்சிக்கு லேசர் ஒளி சிகிச்சை: முழுமையான வழிகாட்டி

ஷோக்ரன் நோய் வந்தவர்களுக்குத் தயிர்சாதம் இறங்கும், பிஸ்கட் இறங்காது. உடலின் நோயெதிர்ப்பு அணுக்கள் உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் கண்ணீர்ச் சுரப்பிகளையும் தாக்கி ஊறவிடாமல் செய்யும் இந்த நோயை, ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933-ல் விரிவாக விவரித்தார். தனியாகவும் வரும், முடக்குவாதம், லூபஸ் (தோல், மூட்டு, சிறுநீரகம் எனப் பல உறுப்புகளைத் தாக்கும் நோயெதிர்ப்பு நோய்) போன்றவற்றோடு சேர்ந்தும் வரும். பாதிக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

வறட்சிக்கு மாத்திரை, செயற்கை உமிழ்நீர் எல்லாம் பார்த்தபின் பலர் வந்து நிற்கும் இடம் லேசர் ஒளி சிகிச்சை. சில பல் மருத்துவமனைகளில் இதை ‘லோ லெவல் லேசர்’ என்பார்கள், ஆய்வுத்தாள்களில் ‘போட்டோபயோமாடுலேஷன்’. இந்த வழிகாட்டி சிகிச்சை எடுத்துக்கொள்பவருக்கும், கருவியைக் கையில் பிடிக்கும் பல் மருத்துவருக்கும் சேர்த்து எழுதப்பட்டது. வீட்டில் தானே லேசர் அடித்துக்கொள்வதற்கானது அல்ல.

ஒளி என்ன செய்கிறது, என்ன செய்யாது

சிவப்பு ஒளியும் (630 முதல் 680 நானோமீட்டர்) அதையடுத்த கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் (780 முதல் 910 வரை) தோலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் உள்ளே போகும். செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி இந்த ஒளியை உறிஞ்சுவதாகவும், அதனால் செல்லின் ஆற்றல் உற்பத்தி கூடுவதாகவும், அழற்சி தணிவதாகவும் விளக்கம். வெட்டும் லேசர் வேறு, இது வேறு; இதில் திசு சுடக்கூடாது. சூடு தெரிந்தால் ஏதோ தவறு நடக்கிறது.

ஷோக்ரனில் இது ஏன் பொருந்தக்கூடும் என்றால், எச்சில் நின்றுபோன எல்லோருக்கும் சுரப்பி செத்துப்போயிருப்பதில்லை. பலரிடம் சுரக்கும் செல்கள் கணிசமாக மிஞ்சியிருக்கின்றன. நரம்பிலிருந்து வரும் கட்டளையை வாங்கும் ஏற்பிகள் எதிர்ப்பொருள்களாலும் அழற்சிப் புரதங்களாலும் தடைபட்டு நிற்பதால் அவை சும்மா இருக்கின்றன. அந்த மிச்சத்தைத் தட்டி எழுப்புவதுதான் ஒளியின் வேலை. தழும்பும் கொழுப்புமாக மாறிவிட்ட சுரப்பியில் எத்தனை ஜூல் ஒளி ஆற்றலை இறக்கினாலும் ஊறாது. நோயின் வேரை, அதாவது நோயெதிர்ப்புத் தாக்குதலை, இது நிறுத்தும் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

ஆய்வுகள் கலவையானவை. 2011-ல் குரோஷியாவில் வாய் வறட்சி உள்ளவர்களிடம் 904 நானோமீட்டர் லேசரைத் தொடர்ந்து 10 நாள் பயன்படுத்தியபோது எச்சில் கூடியது. ஆனால் அது சிறிய ஆய்வு. 2018-ல் வெளியான பிரேசில் ஆய்வில் ஷோக்ரன் உள்ள 66 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு உண்மை லேசரும் மறுபாதிக்குப் போலி லேசரும் வாரம் இருமுறை, மொத்தம் 12 அமர்வு கொடுத்தார்கள். எச்சிலின் அளவிலும் வறட்சி உணர்விலும் லேசருக்குத் தனி நன்மை தெரியவில்லை. ஆகவே ‘நிச்சயம் குணமாகும்’ என்று தொகுப்புக் கட்டணம் வாங்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம். அளந்து பார்த்துச் செய்யும் ஒரு சோதனை முயற்சி, மற்ற சிகிச்சையோடு சேர்ந்த ஒரு துணை. அந்த அளவுக்கு மட்டுமே இதை நம்பலாம்.

படி 1: ஒளி படக்கூடாதவர்களை விலக்குவது

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம்.

ஷோக்ரன் உள்ளவர்களில் சுமார் 5 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வருகிறது. அது அடிக்கடி தோன்றும் இடம், நாம் லேசர் வைக்கப்போகும் அதே காதுமுன் சுரப்பி, அதாவது பரோடிட். ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக வீங்கி இரண்டு மாதத்துக்கு மேல் வடியாமல் இருந்தால், கால்களில் ஊதா நிறப் புள்ளிகள் வந்தால், கழுத்தில் நெறி கட்டினால், காரணமின்றி எடை குறைந்தால், இரத்தத்தில் சி4 என்ற நோயெதிர்ப்புப் புரதத்தின் அளவு தாழ்ந்திருந்தால் லேசரை மூடிவைத்துவிட்டு வாத நோய் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஸ்கேனும் தேவைப்பட்டால் திசுப் பரிசோதனையும் முடிந்து, ஒன்றுமில்லை என்று தெரிந்தபின்தான் ஒளியைப் பற்றிப் பேச வேண்டும்.

வாய்க்குள் வெள்ளைப் படலம், ஆறாத புண், வாய் முழுதாகத் திறக்காத இறுக்கம் இருந்தாலும் அதே விதி. நம் ஊரில் பாக்கும் புகையிலையும் போட்டவர்களிடம் இவை சாதாரணமாகக் கிடைக்கும். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றமாக இருக்கக்கூடிய இடத்தில் செல்லைத் தூண்டும் ஒளியைக் காட்டக்கூடாது. தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய் வந்தவர்கள் தங்கள் புற்றுநோய் மருத்துவரின் சம்மதம் இல்லாமல் தொடங்கக்கூடாது. கர்ப்பிணிகள் தள்ளிப்போடுவது நல்லது. சுரப்பியில் சீழ் பிடித்து வலியும் காய்ச்சலும் இருந்தால் முதலில் அதற்குரிய மருந்து.

சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் பாருங்கள். டாக்சிசைக்ளின், மெத்தோட்ரெக்சேட் போன்றவை தோலின் ஒளி உணர்வைக் கூட்டக்கூடியவை. பெரும்பாலும் அது புற ஊதாக் கதிர் சம்பந்தப்பட்டது, இங்கே நாம் பயன்படுத்தும் ஒளி அது அல்ல. என்றாலும் லூபஸ் சேர்ந்திருப்பவர்களுக்கும் வெயில் பட்டால் தடிப்பு வருபவர்களுக்கும் முதல் நாள் ஒரே ஒரு புள்ளியில் வைத்துப் பார்த்து, இரண்டு நாள் கழித்துத் தோலைப் பார்த்தபின் தொடர வேண்டும்.

மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், சளிக்குப் போடும் அலர்ஜி மாத்திரை, சிறுநீர்ப்பைக்கான ஆக்சிபியூட்டினின் ஆகியவை தாமே வாயை உலர்த்தும். இவற்றில் ஒன்றை மருத்துவர் மாற்றிக் கொடுத்தாலே லேசருக்குச் செலவழிக்கும் பணம் மிச்சமாகலாம்.

படி 2: சுரப்பியில் உயிர் இருக்கிறதா?

இரண்டு வழிகள். ஒன்று, உமிழ்நீர்ச் சுரப்பி அல்ட்ராசவுண்ட். சுரப்பியின் தோற்றத்தை 0 முதல் 3 வரை தரம் பிரிப்பார்கள். 0 இயல்பு. 1-ல் சற்றே சீரற்ற தோற்றம். 2-ல் ஆங்காங்கே கருந்திட்டுகள். 3 என்றால் சுரப்பி முழுக்கத் திட்டுகள் அல்லது நார்த்திசு. நான்கு பெரிய சுரப்பிகளும் 3-ல் இருப்பவருக்கு லேசரைப் பரிந்துரைக்க எங்களுக்குக் கை வராது.

இரண்டாவது வழி, மென்றால் ஊறுகிறதா என்று அளப்பது. சும்மா இருக்கையில் மிகக் குறைவாகவும், மெழுகு மெல்லும்போது தெளிவாகக் கூடுதலாகவும் சுரந்தால் உள்ளே சரக்கு இருக்கிறது. மென்றும் ஊறாவிட்டால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். எச்சிலைச் சுரக்கவைக்கும் பைலோகார்பின் மாத்திரைக்குப் பலன் தெரிகிறதா என்பதும் இதே கேள்விக்கான இன்னொரு விடை.

படி 3: தொடங்குமுன் எச்சிலை எடை போடுங்கள்

‘பரவாயில்லை போலிருக்கிறது’ என்ற சொல்லை வைத்து இந்தச் சிகிச்சையை மதிப்பிட முடியாது. போலி லேசர் வைத்தவர்களும் அதையே சொல்வார்கள். தேவையானவை: 0.01 கிராம் வரை காட்டும் சிறு டிஜிட்டல் தராசு, மூடியுள்ள பிளாஸ்டிக் கப், கடிகாரம்.

1. அளப்பதற்கு முன் 90 நிமிடம் உணவு, தண்ணீர், பல் துலக்கல், வெற்றிலை, சூயிங்கம் எதுவும் வேண்டாம். பைலோகார்பின் எடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் மாத்திரைக்கும் அளவுக்கும் இடையே ஒரே இடைவெளி விட வேண்டும்.
2. காலியான கப்பை எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.
3. நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைச் சற்று முன்னால் குனிந்து, வாயில் உள்ளதை ஒருமுறை விழுங்கிவிட்டுக் கடிகாரத்தைத் தொடங்குங்கள்.
4. 15 நிமிடம் பேசாமல், மெல்லாமல், நாக்கை உறிஞ்சாமல், ஊறுவதைக் கப்பில் வழியவிடுங்கள்.
5. மீண்டும் எடை. வித்தியாசம் 1 கிராம் என்றால் 1 மில்லிலிட்டர் என்று கொள்ளலாம். அதை 15-ஆல் வகுங்கள்.

ஆரோக்கியமானவருக்கு நிமிடத்துக்கு 0.3 முதல் 0.4 மில்லிலிட்டர் ஊறும். 0.1 அல்லது அதற்குக் கீழே, அதாவது 15 நிமிடத்தில் 1.5 கிராமுக்கு மேல் சேராவிட்டால், 2016-ஆம் ஆண்டின் ஷோக்ரன் வகைப்பாட்டு விதிகளில் அது ஒரு மதிப்பெண் பெறும் அளவு. கப்பின் கோட்டைப் பார்த்து அளக்காதீர்கள்: நுரை ஏமாற்றும்.

அடுத்து, மணமற்ற மெழுகுத் துண்டை 5 நிமிடம் மென்றபடி இதே போல எடை எடுங்கள். எச்சில் காலையில் ஒரு அளவு, பிற்பகலில் ஒரு அளவு. எப்போது அளந்தாலும் அதே நேரத்தில் அளக்க வேண்டும். சிகிச்சைக்கு முன் வெவ்வேறு நாளில் இரண்டு முறை எடுத்தால், உங்கள் எச்சில் தானாகவே எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

வறட்சி உணர்வுக்குத் தனி மதிப்பெண்: 0 முதல் 10 வரை. இரவில் எத்தனை முறை தண்ணீர் குடிக்க எழுந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். அந்த எண்ணிக்கை பொய் சொல்வதில்லை.

படி 4: கருவியின் கணக்கு

இது மருத்துவருக்கான பகுதி, ஆனால் நோயாளியும் படிக்கலாம். சிகிச்சை வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

சூத்திரம் எளிது. வாட் பெருக்கல் நொடி, ஜூல். 100 மில்லிவாட் லேசரை 40 நொடி வைத்தால் 0.1 × 40 = 4 ஜூல்.

சிக்கல் அடுத்த அடியில். ஒரு புள்ளிக்கு 4 ஜூல் என்பதும் சதுர சென்டிமீட்டருக்கு 4 ஜூல் என்பதும் ஒன்றல்ல. முனையின் பரப்பு 0.5 சதுர சென்டிமீட்டர் என்றால் அதே 4 ஜூல், சதுர சென்டிமீட்டருக்கு 8 ஆகிறது. ஊசி போன்ற 0.03 சதுர சென்டிமீட்டர் முனை என்றால் 133! ஆய்வுத்தாளில் ஒன்றைப் படித்துவிட்டுக் கருவியில் மற்றொன்றை அமைத்தால் பத்து மடங்கு, முப்பது மடங்கு என்று பிசகும். இந்தச் சிகிச்சையில் குறைந்தால் பலனில்லை, கூடினாலும் பலனில்லை. ஒரு எல்லைக்கு மேல் ஒளி செல்லின் வேலையை மட்டுப்படுத்தவே செய்யும்.

துடிப்பாக ஒளிவிடும் 904 நானோமீட்டர் கருவியில் இன்னொரு பொறி இருக்கிறது. பெட்டியில் ‘25 வாட்’ என்று போட்டிருக்கும். அது உச்ச அளவு. ஒவ்வொரு துடிப்பும் 200 நானோநொடிதான் நீடிக்கும். நொடிக்கு 10,000 துடிப்பு என்றால் சராசரி 50 மில்லிவாட். துடிப்பை 1,000 ஆகக் குறைத்தால் சராசரி வெறும் 5 மில்லிவாட். அதே 4 ஜூலுக்கு 80 நொடிக்குப் பதில் 800 நொடி வேண்டும். எண்ணைத் திருகியவர் நேரத்தை மாற்ற மறந்துவிட்டால் அன்றைய அமர்வு வெறும் சடங்கு.

அலைநீளத்தில் எங்கள் தேர்வு: வெளியிலிருந்து கொடுக்க 808 முதல் 830 வரை, வாய்க்குள் கொடுக்க 660 அல்லது 808. பரோடிட் சுரப்பி தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே இருக்கிறது; 660 அவ்வளவு ஆழம் போவதற்குள் களைத்துவிடும். தோல் கறுத்திருந்தால் மெலனின் என்ற நிறமி இன்னும் கொஞ்சத்தை மேலேயே பிடித்துக்கொள்ளும், அந்த இடம் சூடாகவும் ஆகும். வெளுத்த தோலில் நடத்திய ஆய்வின் அளவுகளை நம்மவர்களுக்கு அப்படியே பொருத்தும்போது இதை மறக்கக்கூடாது. முதல் புள்ளியில் 20 நொடி வைத்து, சூடு தெரிகிறதா என்று கேளுங்கள். தெரிந்தால் பரந்த முனைக்கு மாறுங்கள், அல்லது திறனைப் பாதியாக்கி நேரத்தை இரட்டிப்பாக்குங்கள்.

லேசரின் திறன் காலப்போக்கில் குறையும். திறனளவு மீட்டர் வைத்து மாதம் ஒருமுறையாவது முனையில் வெளிவருவதை அளக்க வேண்டும். தொற்றுத் தடுப்புக்காக முனையில் சுற்றும் பிளாஸ்டிக் படலத்தையும் சுற்றிய நிலையிலேயே அளக்க வேண்டும். சுருக்கம் விழுந்த இரண்டு மடிப்புப் படலம் கொஞ்சம் ஒளியைத் தின்னும்.

படி 5: அமர்வு

கண் முதலில். 100 மில்லிவாட் லேசர் 3பி வகுப்பைச் சேர்ந்தது, அதாவது நேராகப் பட்டால் கண்ணைக் கெடுக்கும் வகை. 808 கண்ணுக்குத் தெரியாததால் இமை தானாக மூடிக்கொள்ளாது. பாதுகாப்புக் கண்ணாடியின் ஓரத்தில் அலைநீள வரம்பும், ஒளியை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் ஓடி எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். உங்கள் லேசரின் அலைநீளத்துக்கு ஓடி 4 அல்லது அதற்கு மேல். கூலிங்கிளாஸ் இதற்கு உதவாது. மருத்துவர், உதவியாளர், நோயாளி மூவருக்கும் கண்ணாடி. ஷோக்ரன் நோயாளிகளில் பலர் விழித்திரையைப் பாதிக்கக்கூடிய ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை எடுத்து வருடாவருடம் விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்பவர்கள். அந்தக் கண்ணில் விளையாட வேண்டாம்.

பிறகு முகத்தைத் துடைக்க வேண்டும். பவுடரும் சன்ஸ்கிரீனும் ஒளியைத் திருப்பியடிக்கும். தோடு, ஜிமிக்கி, சங்கிலியைக் கழற்றிவிட வேண்டும், பளபளக்கும் உலோகம் ஒளியைக் கண்ணுக்குத் திருப்பும். தாடி இருந்தால் மழித்துவிட்டு வர வேண்டும். புள்ளிகளைக் குறிக்க வெள்ளைப் பென்சில் மட்டும். கறுப்பு மார்க்கர், கண்மை, கரும்பச்சை எல்லாம் ஒளியை விழுங்கித் தோலைச் சுடும். கன்னத்தில் பச்சை குத்தியிருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

புள்ளிகள் இவை:

பரோடிட்: பக்கத்துக்கு 4. காதின் முன்னால் மேலும் கீழுமாக இரண்டு, காதுமடலுக்குக் கீழே ஒன்று, தாடைக் கோணத்துக்குச் சற்று மேலே ஒன்று. ஒவ்வொன்றும் 4 ஜூல்.

தாடைக்கீழ்ச் சுரப்பி: பக்கத்துக்கு 2. தாடை எலும்பின் கீழ் விளிம்புக்கு உள்பக்கமாக முனையை மேல்நோக்கிச் சாய்த்து, 4 ஜூல். கழுத்தில் கீழே இறங்கக்கூடாது. கழுத்துத் தமனி பிரியும் இடத்தை அழுத்தினால் நாடித் துடிப்பு குறைந்து தலைசுற்றும். தொண்டையின் முன்பக்கத் தைராய்டு மேலும் ஒளி விழக்கூடாது.

நாக்கடிச் சுரப்பி: வாய்க்குள், நாக்கைத் தூக்கி, பக்கத்துக்கு 1. இங்கே மெல்லிய சவ்வுதான் குறுக்கே இருப்பதால் 2 ஜூல் போதும்.

மொத்தம் 14 புள்ளி. வெளியே 12 × 4 = 48, உள்ளே 2 × 2 = 4, ஆக 52 ஜூல். 100 மில்லிவாட்டில் ஒளி எரியும் நேரம் 8 நிமிடம் 40 நொடி. இடம் மாற்றுவதெல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம். முனை தோலைத் தொட்டு நேர்க்குத்தாக, லேசான அழுத்தத்தோடு நிற்க வேண்டும். அழுத்தும்போது இரத்தம் விலகி ஒளி கொஞ்சம் ஆழமாகப் போகும். அரை அங்குலம் தள்ளிப் பிடித்தால் பாதி ஒளி அறைக்குத்தான் பிரகாசம். வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போவதும் கூடாது: எந்த இடத்துக்கு எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது.

வாரம் 2 முறை, 12 அமர்வு என்பது ஒரு நியாயமான சுற்று. சிலர் வாரம் 3 கொடுப்பார்கள். தினமும் கொடுத்து அவசரப்படுத்துவதில் கூடுதல் லாபம் இருப்பதாகத் தெரியவில்லை.

இந்த ஆறு வாரத்தில் வேறு எதையும் மாற்றாதீர்கள். பைலோகார்பின் (வழக்கமாக 5 மில்லிகிராம், நாளுக்கு 4 முறை, கட்டுப்படாத ஆஸ்துமாவும் குறுங்கோண கிளாக்கோமாவும் இருப்பவர்களுக்கு ஆகாது) ஏற்கெனவே எடுத்தால் அதே அளவில் தொடருங்கள். லேசரோடு சேர்த்து மாத்திரையையும் கூட்டினால் எது வேலை செய்தது என்பது தெரியாமலே போய்விடும்.

படி 6: ஊறியதா, இல்லையா?

6-ஆவது அமர்வு முடிந்ததும், 12-ஆவது முடிந்ததும், அதன்பின் ஒரு மாதம் கழித்தும், அதே நேரத்தில் அதே முறையில் எடை போடுங்கள். 0.08 என்பது 0.10 ஆனால் அது மாற்றம் அல்ல, அளவையின் ஆட்டம். சும்மா இருக்கையில் ஊறுவது ஏறக்குறைய இரட்டித்தால், அல்லது மென்றபோது ஊறுவது உங்கள் பழைய இரண்டு அளவுகளையும் தெளிவாகத் தாண்டினால் நாங்கள் அதைப் பலன் என்று எடுத்துக்கொள்வோம். ஒரு மாதத்துக்குப் பிறகும் நின்றால் இன்னும் நல்லது. இறங்கினால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு அமர்வு என்று நீட்டிப் பார்க்கலாம்.

எச்சில் கூடவில்லை, ஆனால் இரவில் எழுவது நான்கிலிருந்து ஒன்றாகிவிட்டது என்றால்? அதுவும் நோயாளிக்கு லாபம்தான். செலவு தாங்கினால் தொடரலாம், எச்சில் ஊறுகிறது என்று மட்டும் நம்பிவிடக்கூடாது. ஏனென்றால் பல்லைக் காப்பது உணர்வு அல்ல, எச்சில். ஆகவே 5,000 பிபிஎம் ஃபுளூரைடு பற்பசையை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் அதை நிறுத்தாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபுளூரைடு வார்னிஷும் தொடரட்டும். எலுமிச்சையையோ நெல்லிக்காயையோ நாள் முழுக்க வாயில் அடக்கி எச்சிலை வரவழைப்பது பற்களின் வேர்ப்பகுதியை அரித்துவிடும். சைலிட்டால் சூயிங்கம் அதே வேலையைக் கேடின்றிச் செய்யும்.

12 அமர்விலும் எண் அசையவில்லை, உணர்வும் அசையவில்லை என்றால் நிறுத்துங்கள். ஆனால் நிறுத்துமுன் ஒன்றைப் பாருங்கள்: நாக்கு சிவந்து எரிகிறதா, வாயோரம் வெடித்திருக்கிறதா? வறண்ட வாயில் கேண்டிடா பூஞ்சை எளிதில் குடியேறும். எரிச்சலை வறட்சி என்று எண்ணி லேசருக்கு அலைந்தவர்களுக்குப் பூஞ்சை மருந்து இரண்டு வாரத்தில் தந்த நிம்மதியை லேசர் தந்திருக்காது. பல்செட் போடுபவர்கள் அதையும் இரவில் கழற்றிச் சுத்தம் செய்யாவிட்டால் பூஞ்சை திரும்ப வரும்.

வீட்டுக் கருவிகள்

இணையத்தில் விற்கும் சிவப்பு எல்இடி முகமூடிகள் தோலழகுக்கானவை. சதுர சென்டிமீட்டருக்கு 20 மில்லிவாட் தருவதாகக் கொண்டாலும் அதே சதுர சென்டிமீட்டருக்கு 4 ஜூல் சேர 200 நொடி ஆகும். அதுவும் தோலின் மேற்பரப்பில். பரோடிட்டுக்குள் சேர்வது அதில் சொற்பம். முகமூடியின் வடிவம் காதின் முன்புறத்தையும் தாடைக்கு அடியையும் பெரும்பாலும் எட்டுவதே இல்லை. விளம்பரத்தில் பெரிய எண்ணைப் போடுபவர்கள் பலர் சூரிய ஒளி மீட்டரால் அளந்தவர்கள். அந்த மீட்டர் சிவப்பு எல்இடியைக் கூட்டித்தான் காட்டும்.

லேசர் பேனாக்களை வாங்கவே வேண்டாம். வகுப்பு எண், அலைநீளம், திறன் மூன்றும் அச்சிடப்படாத லேசர் எதுவானாலும் முகத்தின் பக்கம் கொண்டுவரத் தகுதியற்றது.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியவை: அலைநீளம் என்ன, சராசரித் திறன் எவ்வளவு, முனையின் பரப்பு எவ்வளவு, ஒரு புள்ளிக்கு எத்தனை நொடி, கருவியின் திறனைக் கடைசியாக எப்போது அளந்தீர்கள்? முதல் நான்குக்கும் பதில் சொல்லிக் கடைசிக் கேள்விக்கு மீட்டரை எடுத்துக் காட்டுபவரிடம் உட்காரலாம். ‘அதெல்லாம் மெஷினே பார்த்துக்கொள்ளும்’ என்பவரிடம் வேண்டாம்.